மேடு பள்ளக் கணக்கு

மழை எவ்வளவு பெய்யும் என்பதைச் சென்ற அத்தியாயத்தில் விசாரித்தோம். பெய்த மழை எங்கே போகும் என்பது அதைவிட எளிய கேள்வியாகத் தோன்றினாலும், நடைமுறையில் அதற்கு விடை காண்பதுதான் நெடுங்காலமாகச் சிரமமாக இருந்து வந்திருக்கிறது. ஏனெனில் அதற்கு ஒரு பிரதேசத்தின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும், அவற்றின்மேல் மனிதர் எழுப்பியிருக்கிற கரை, ரஸ்தா, வீடு, மதில் முதலிய சகலத்தையும் அறிந்திருக்க வேண்டும். மலைச்சரிவில் தண்ணீர் போகும் வழியைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். கடலோரச் சமவெளியின் சங்கதி வேறு. சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்திலிருந்து கிழக்காகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் வரையிலும், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயையும் கோவளம் கழிமுகத்தையும் எட்டும் வரையிலும், தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர், ஒன்றன் கலங்கலில் வழிந்து மற்றொன்றில் விழுந்து, கடைசியில் அந்தச் சதுப்பையே வந்து சேருகிறது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஒரு தெருவில் இடுப்பளவும் அடுத்த தெருவில் கணுக்காலளவுமாகத் தண்ணீர் நிற்பதற்கு ஒரு மீட்டருக்கும் குறைவான உயர வித்தியாசமே போதுமானதாக இருந்தது.

அந்த ஒரு மீட்டரை முன்கூட்டியே அறிந்தவர் யார், அறிந்ததை யாருக்குச் சொன்னார் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

பூமியை அளப்பது நம் நாட்டில் புதிய காரியமல்ல. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி, வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ உத்தியோகஸ்தர் பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றுப் பக்கமாக ஏழரை மைல் நீளமுள்ள ஓர் ஆதாரக் கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயிலில் எஃகு நீளும் என்பதால் ஒவ்வொரு பெட்டியிலும் உஷ்ணமானி வைத்து, நீட்சியைக் கழித்துக் கழித்து அவர் அதை முடிக்கப் பல வாரங்கள் ஆயின. பாரத தேசம் முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்து, இமயச் சிகரங்களின் உயரத்தையும் கணித்த அந்த மகத்தான அளவையின் முதற்கோடு, பின்னாளில் வெள்ளத்துக்குப் பேர்போன அதே தாழ்நிலத்தை ஒட்டிச் சென்றது என்பது எண்ணிப் பார்க்கத்தக்க விஷயம். ஆனால் அளந்தவர்கள் கம்பெனி சர்க்காரின் சிப்பாய்கள். அளவு வேண்டியிருந்ததும் படை நடத்தவும் வரி விதிக்கவுமே. ஆகவே படம் என்பது ராஜ்யத்தின் ரகசியம் என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது. சுதந்திரம் வந்த பின்னும் அது அசையவில்லை. எல்லைப்புறத்தையும் கடற்கரையையும் ஒட்டிய பிரதேசங்களின் விரிவான நிலப்படத் தாள்கள் பல தசாப்தங்களுக்குப் பொதுஜனங்களின் கைக்கு எட்டாமல் இருந்தன. புயலும் வெள்ளமும் அதிகமாகத் தாக்கும் பிரதேசம் எதுவோ அதன் படந்தான் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது என்றால், இதைவிட வேடிக்கையான ஏற்பாட்டை யாரும் வேண்டுமென்றே செய்திருக்க முடியாது. 2016-இல்கூட, அனுமதியின்றிப் பூகோளத் தகவல் சேகரிப்பவருக்கு 100 கோடி ரூபாய் வரையில் அபராதம் விதிக்கும் ஒரு மசோதாவின் நகல் வெளியிடப்பட்டது. நல்லவேளையாக அது சட்டமாகவில்லை.

இந்தப் பூட்டைத் திறந்த சாவி வெளியிலிருந்து, அதுவும் ஆகாயத்திலிருந்து வந்தது. அமெரிக்கா 1972 ஜூலையில் ஏவிய முதல் லாண்ட்சாட் முதற்கொண்டு, அந்த வரிசையைச் சேர்ந்த துணைக்கோள்கள் பூமியை இடைவிடாமல் படம் எடுத்துவந்திருக்கின்றன. ஆனால் எடுத்த படத்தைப் பார்க்கக் காசு வேண்டியிருந்தது. 1980-களில் அதைத் தனியார் வியாபாரமாக்கி, ஒரு காட்சிக்கு 4,000 டாலருக்கு மேலும் விலை வைத்துப் பார்த்தார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை. பிறகு சர்க்காரே திரும்ப ஏற்று 600 டாலராகக் குறைத்தும், விற்பனை உச்சத்தில் இருந்த வருஷத்தில்கூட இருபதாயிரத்துச் சொச்சம் காட்சிகளே விலைபோயின. 2008-இல் அந்தச் சேமிப்பு முழுவதையும் இலவசமாக்கினார்கள். ஓராண்டுக்குள் பத்து லட்சம் காட்சிகள் எடுத்துச் செல்லப்பட்டன. எண்ணிக்கை பெருகியதைக் காட்டிலும் முக்கியமானது, கேட்கும் கேள்வியின் தன்மையே மாறியதாகும். விலை கொடுத்து ஒரு காட்சி வாங்கியவன் மேகமில்லாத நல்ல நாள் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அந்த ஒரு நாளைப் பற்றியே ஆராய முடியும். விலையின்றிக் கிடைத்தபோதோ, ஒரே இடத்தின் முப்பது வருஷத்துக் காட்சிகளையும் ஒருசேர எடுத்து வரிசைப்படுத்திவிடலாம். ஐரோப்பிய ஆணையத்தின் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜான் பிரான்ஸுவா பெக்கலும் அவருடைய சகாக்களும் 1984 முதல் 2015 வரை எடுக்கப்பட்ட முப்பது லட்சம் லாண்ட்சாட் காட்சிகளைக் கணினியில் பரிசீலித்து, உலகத்தின் ஒவ்வொரு 30 மீட்டர்க் கட்டத்திலும் எந்தெந்த மாதத்தில் தண்ணீர் இருந்தது, எப்போது வற்றியது என்று 2016-இல் ஒரு படமே போட்டுக் கொடுத்தார்கள். நிரந்தர நீர்ப்பரப்பில் ஏறக்குறைய 90,000 சதுர கிலோமீட்டர் மறைந்துபோயிற்று என்பதும், பெரும்பாலும் அணைக்கட்டுகளால் 1,84,000 சதுர கிலோமீட்டர் புதிதாகத் தோன்றிற்று என்பதும் அதிலிருந்து தெரிந்தவை. காட்சி ஒன்றுக்கு 600 டாலர் வீதம் இந்த ஆராய்ச்சிக்கு என்ன செலவாகியிருக்கும் என்று வாசகர் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் தண்ணீர் இருந்த இடம் தெரிந்தால் மட்டும் போதாது; வரப்போகும் தண்ணீருக்கு உயரம் தெரிய வேண்டும். உலகத்துக்கு முதன்முதலாக ஒரு பொதுவான உயரக் கணக்கைக் கொடுத்தது 2000 பிப்ரவரியில் நடந்த ஒரு விண்வெளிப் பயணம். எண்டெவர் என்ற விண்ணோடம் ஆறு பேருடன் பிப்ரவரி 11-ஆம் தேதி கிளம்பி, 22-ஆம் தேதி இறங்கியது. அதன் சரக்கு அறையில் ஒரு ரேடார் யந்திரம். அறையின் பக்கவாட்டிலிருந்து 60 மீட்டர் தூரத்துக்கு நீண்ட ஒரு மடக்குக் கம்பத்தின் நுனியில் மற்றொரு ரேடார் அலைவாங்கி. ஓடத்திலிருந்து புறப்பட்ட மின்காந்த அலை பூமியில் பட்டுத் திரும்பி இந்த இரண்டிடத்திலும் தனித்தனியே வந்து விழும்போது, இரண்டு பாதைகளுக்கும் உள்ள மிக நுண்ணிய நீள வித்தியாசத்தால் அலையின் ஏற்ற இறக்கம் சற்றே பிசகி நிற்கும். இரண்டு கண்களால் பார்ப்பதனாலேயே நமக்குத் தூரம் புலனாவது போல, அந்தப் பிசகிலிருந்து தரையின் உயரம் கணிதமாக வெளிப்படும். அலையின் நீளம் 5.6 சென்டிமீட்டர், ஓடமோ 233 கிலோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. கம்பத்தின் நுனி ஆடாமல் இருக்க அங்கே பொருத்தியிருந்த சிறு வாயு உந்தி பழுதுபட்டுவிட, ஓடத்தின் சொந்த எரிபொருளையே அதிகமாகச் செலவிட்டு நிலைநிறுத்த வேண்டியிருந்தது. விண்வெளி வீரர்கள் வேறு வழிகளில் எரிபொருளை மிச்சம் பிடித்துத்தான் பயணத்தைக் குறைக்காமல் முடித்தார்கள். வடக்கே 60 டிகிரி முதல் தெற்கே 56 டிகிரி வரை, பூமியின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு, இப்படிப் பதினோரு நாளைக்குள் அளக்கப்பட்டது.

அமெரிக்க ராணுவத்தின் படத்துறையும் அதில் கூட்டாளியாதலால், அமெரிக்காவுக்கு 30 மீட்டர்க் கட்டங்களாகவும், மற்ற நாடுகளுக்கு 90 மீட்டர்க் கட்டங்களாகவுமே உயரங்கள் வெளியிடப்பட்டன; நமக்கும் முழு விவரம் கிடைக்கும் என்ற அறிவிப்பு வருவதற்கு 2014 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த பருவநிலை மாநாடு வரையில் காத்திருக்க நேர்ந்தது. 30 மீட்டர்க் கட்டம் என்பதை நம் வழக்குக் கணக்கில் சொன்னால் 22 சென்ட் நிலம். சென்னை மனைக்கணக்கில் நான்கு கிரவுண்டு. இந்த நான்கு கிரவுண்டுக்கும் சேர்த்து ஒரே ஓர் எண், அதுவும் பின்னமில்லாத முழு மீட்டரில் எழுதப்பட்டிருக்கும்.

கடலோரக் கிராமம் ஒன்றின்மேல் அந்த எண்களைப் பரப்பி வைத்துக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கிழக்கே கடல், பூஜ்யம். அப்பால் மணற்பரப்பு, உதாரணத்துக்கு 2, 3 என்று இருக்கிறது. அதன் பிறகு திடீரென்று 9, 11, 10 என்று கடலுக்கு இணையாக ஒரு வரிசை எழும்பி நிற்கிறது. மறுபடியும் 4, 3. பிறகு ஊர் இருக்குமிடத்தில் 7, 8. படத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடுபவருக்கு இதைவிட மனத்துக்கு உகந்த கிராமம் கிடையாது: கடலுக்கும் ஊருக்கும் நடுவே பத்து மீட்டர் உயரத்துக்கு இயற்கையான அரண் இருக்கிறது, ஊரும் மேட்டின்மேல் பத்திரமாக இருக்கிறது. ஸ்தலத்துக்குப் போய்ப் பார்த்தால் அரண் என்பது சவுக்குத் தோப்பு. மேடு என்பது நெருங்கக் கட்டிய வீடுகளின் கூரையும் தென்னை மட்டையும். ஐந்தே சொச்சம் சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடார் அலை இலைகளுக்குள் நுழைந்து தரையைத் தொடுவதில்லை. மேலே எது முதலில் எதிர்ப்பட்டதோ, அதன் உயரத்தையே அது பெரும்பாலும் நமக்குச் சொல்கிறது. ஆழிப்பேரலை எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று கணக்கிடும் நிரலுக்கு, சவுக்கு மரமும் கருங்கல் மதிலும் ஒன்றுதான்.

இந்தத் தவறில் ஓர் அநியாயமும் கலந்திருக்கிறது. வீடுகள் எவ்வளவுக்கெவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்கவ்வளவு அந்த இடம் உயரமாகத் தென்படும். தாழ்ந்த இடத்தில் நெருக்கியடித்து வாழ்பவர்களே கணக்கின்படி அபாயத்துக்கு அப்பாற்பட்டவர்களாகி விடுகிறார்கள். 2019-இல் ஸ்காட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் என்ற இருவர், விமானத்திலிருந்து லேசர் ஒளியால் அளந்த அமெரிக்கக் கடற்கரை உயரங்களைக் கொண்டு இந்தப் பிழையின் இயல்பைக் கணினிக்குக் கற்பித்து, உலகத்தின் கடலோர உயரங்களையெல்லாம் திருத்தினார்கள். தற்போதைய உயரலை மட்டத்துக்குக் கீழே வாழ்பவர்கள் 2.8 கோடி என்று பழைய கணக்கு சொல்லியிருந்தது; திருத்திய கணக்கு 11 கோடி என்றது. கடல் ஓர் அங்குலமும் உயரவில்லை. தரையைத் தரையென்று அறிந்ததுதான் வித்தியாசம்.

திறந்த தரவு என்று நாம் கொண்டாடுவதன் நியாயம், அது சரியாக இருக்கிறது என்பதில் இல்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். பூட்டிய அறையில் இருக்கும் படத்திலும் இதே அளவு பிழை இருக்கலாம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஆள் இல்லை. விண்ணோட உயரங்கள் வெளியான நாள் முதலாக ஜப்பானிலும், பிரிட்டனிலும், இங்கேயும் எத்தனையோ பேர் அதைத் தத்தம் ஊர்த் தரையோடு ஒப்பிட்டு, இன்ன இடத்தில் இவ்வளவு தப்பு என்று சொல்லிக்கொண்டே வந்ததனால்தான் திருத்தங்கள் பிறந்தன. ஜப்பானியரான டாய் யமஸாகி 2017-இல் மர உயரத்தைக் கழித்த ஒரு படத்தை வெளியிட்டார். ஜெர்மானிய ரேடார் துணைக்கோள் ஜோடி ஒன்று அளந்த புதிய உயரங்களை ஐரோப்பியர் கோப்பர்நிக்கஸ் திட்டத்தின் மூலம் பொதுவில் வைத்தார்கள். பிரிஸ்டல் சர்வகலாசாலையார் அதிலிருந்து காடுகளையும் கட்டடங்களையும் நீக்கி 2022-இல் ஒரு படம் செய்தார்கள். இந்தக் கடைசிப் படம் வியாபார நோக்கமில்லாதவர்களுக்கு மட்டுமே இலவசம் என்பதையும், ஒரு நகரசபைக்காகக் கூலிக்கு வேலை செய்யும் எஞ்சினீயர் நிபந்தனையைப் படித்துவிட்டே அதைத் தொட வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். இவை எல்லாவற்றையும் சோதிக்கும் துலாக்கோலாக, 2018 செப்டம்பரில் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 என்ற துணைக்கோள் விளங்குகிறது. விநாடிக்கு 10,000 தடவை பச்சை நிற லேசர்த் துடிப்பைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் அந்தக் கருவியின் பதிவை வரைந்து பார்த்தால், மர உச்சி ஒரு கோடாகவும் இலைகளின் இடைவெளியில் புகுந்து தரையைத் தொட்டு மீண்ட துகள்கள் கீழே மற்றொரு கோடாகவும் தனித்தனியே தெரியும். அதன் பாதை செல்லும் ரேகைகளில் மட்டுந்தான் அளவு கிடைக்கும்; இடைப்பட்ட நிலத்துக்குக் கிடையாது. ஆனாலும் நம் ஊர்ப் படத்தில் உள்ள 9-ஆம் எண் தரையா சவுக்கா என்று கேட்டறிய அது போதும். அந்தப் பதிவும் எவருக்கும் இலவசமே.

உயரத்தைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்லாமல் விடக்கூடாது. கைபேசியிலோ அளவைக் கருவியிலோ உள்ள ஜிபிஎஸ், பூமியை ஒழுங்கான நீள்கோளமாகப் பாவித்து, அந்தக் கற்பனைக் கோளத்திலிருந்தே உயரத்தை எடுக்கிறது. உண்மையான கடல்மட்டமோ புவியீர்ப்பின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாகவே நிற்கிறது. உலகத்திலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. அங்கே கடல் கற்பனைக் கோளத்துக்கு 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் தமிழகம் முழுவதும் அமைந்திருக்கிறது. எனவே மெரீனாக் கடற்கரையில் நின்று திருத்தாத உயரத்தைப் படித்தால், கடல்மட்டத்துக்குக் கீழே 80 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் நிற்பதாகக் கருவி சொல்லும். இவ்வளவு பெரிய தவறு கண்ணுக்குத் தப்பாது. ஒரு படத்தை ஒருவகைக் கடல்மட்டத்திலும் மற்றொன்றை வேறுவகைக் கடல்மட்டத்திலும் வைத்து ஒட்டும்போது உண்டாகிற அரை மீட்டர், ஒரு மீட்டர்ப் பிசகுதான் வெளியே தெரியாமல் திட்டத்துக்குள் புகுந்துவிடுகிறது. நமக்கு வேண்டியதும் அந்த ஒரு மீட்டர்தான் என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார்.

இனி, நிலத்தின்மேல் என்ன இருக்கிறது என்ற கேள்வி. ஐரோப்பியரின் சென்டினல் துணைக்கோள்கள் பத்து மீட்டர்க் கட்டத்தில், ஏறக்குறைய ஐந்து நாளைக்கு ஒருமுறை, எல்லா நிலத்தையும் படம்பிடிக்கின்றன. அந்தக் காட்சிகளிலிருந்து 2020, 2021 வருஷங்களுக்கு உலகம் முழுவதையும் மரம், புல், பயிர், கட்டடம், நீர் என்பது போன்ற பதினொரு வகையாகப் பிரித்த படம் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டம் ஒன்றுக்கு இரண்டரை சென்ட். நூறு இடங்களில் சோதித்தால் சுமார் எழுபத்தைந்து இடங்களில் சரியாக இருக்கும் என்பது செய்தவர்களே சொல்லும் கணக்கு. நம் பிரதேசத்தில் அந்த மீதி இருபத்தைந்து எங்கே விழும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. மானாவாரி ஏரி ஒன்று கார்த்திகையில் தளும்பி நிற்கும். பங்குனியில் புல் முளைத்து மாடு மேயும். ஆனியில் வெடித்த களிமண். வருஷத்தில் அதிகநாள் எப்படி இருக்கிறதோ அப்படியே அதை வகைப்படுத்தும் படம், ஏரியைப் புல்வெளி என்றோ வெறுந்தரை என்றோதான் எழுதும். உள்ளே யாராவது விதைத்திருந்தால் பயிர்நிலம் என்று எழுதவும் கூடும். படத்தின்மேல் குற்றமில்லை. நிலத்தில் என்ன தெரிகிறது என்பதைத்தான் அது சொல்ல வந்தது. நிலம் எதற்காக விடப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்ல வரவில்லை.

அதைச் சொல்வது கிராமத்துப் பதிவேடு. அ-பதிவேட்டைப் பிரித்தால், இன்ன சர்வே எண், இத்தனை ஹெக்டேர், ஏரிப் புறம்போக்கு என்று ஒரே வரியில் முடிந்துவிடும். முன்னாளில் கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருந்த இந்த வரியும், புலப்படமும் இப்போது தமிழ்நாட்டில் வருவாய்த்துறையின் இணைய சேவையிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. துணைக்கோள் சொல்லும் முப்பது வருஷத்து நீர்ச் சரித்திரத்தையும் பதிவேடு சொல்லும் வகைப்பாட்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்ப்பவருக்கு இரண்டில் எதுவும் தனியாகச் சொல்லாத உண்மை ஒன்று தெரியவரும்: தண்ணீர் வருஷந்தோறும் வந்து நின்ற இடம் எது, அது பட்டா நிலமா, புறம்போக்கா, எந்த வருஷத்திலிருந்து தண்ணீர் வருவது நின்றது. பதிவேடும் பிழையற்றதல்ல என்பதைப் பள்ளிக்கரணையைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடையாது. வரி தராத நிலமெல்லாம் தரிசு என்ற பழைய வருவாய் சித்தாந்தத்தின்படி, அத்தனை ஏரிகளின் உபரிநீரையும் வாங்கிக் கொள்ளும் அந்தச் சதுப்பு நெடுங்காலம் வெற்று நிலமாகவே மதிக்கப்பட்டது. பெருங்குடிப் பக்கத்தில் குப்பை கொட்டினார்கள், ரஸ்தா போட்டார்கள், கட்டடங்களுக்கும் கொடுத்தார்கள். 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள நீர்நிலமாக ஏற்கப்பட்டது. மீந்திருக்கும் எல்லையைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குக் கட்டடம் கூடாது என்ற விவாதத்துக்கு இன்று எவரும் படத்தை வைத்துக்கொண்டே வாதாடலாம் என்பது முன்னில்லாத ஒரு சௌகரியம்.

வெள்ளம் நிற்கும்போதே அதைப் படமெடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை நாளில் மேகம் விலகுவதற்குள் வெள்ளம் வடிந்துவிடுமாதலால், சாதாரணக் காமிராக்களால் பிரயோஜனமில்லை. 2014-இல் ஏவப்பட்ட சென்டினல்-1 போன்ற ரேடார் துணைக்கோள்கள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். அசையாத நீர்ப்பரப்பு ரேடார் அலையை வேறு திசைக்குத் திருப்பிவிடுவதால் வயல்வெளியில் வெள்ளம் கரிய திட்டாக நன்றாகத் தெரியும். நகரத்திலோ, தண்ணீரிலும் சுவரிலுமாக இருமுறை மோதிய அலை நேரே திரும்பிவந்து பிரகாசமாகப் படுவதால், மூழ்கிய தெரு மூழ்காததுபோலவே தோற்றமளிக்கும். 2015-இல் சென்னையின் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் என்ற விவரத்தை, எவரும் சேர்க்கவும் திருத்தவும் கூடிய ‘திறந்த வீதிப்படம்’ என்ற இணையப்படத்தின்மேல் ஆயிரக்கணக்கில் குறித்துக் கொடுத்தவர்கள், அந்தந்தத் தெருவில் இருந்தவர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களுமே. 2010 ஜனவரியில் ஹைத்தி பூகம்பத்தின்போது, உலகத்தின் பல மூலைகளில் இருந்த தொண்டர்கள் துணைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தே அந்நாட்டுத் தலைநகரத்துக்கு வீதிப்படம் செய்து கொடுத்தார்கள்; பலர் கூடி ஒரே படத்தை நிரப்பும் அந்த முறைதான் இங்கேயும் பயன்பட்டது.

நம் சர்க்காரின் போக்கும் மாறியிருக்கிறது. 2021 பிப்ரவரி 15-இல் வெளியான விதிமுறைகள், இந்தியர்கள் படம் எடுக்கவும் வெளியிடவும் முன்னனுமதி தேவையில்லை என்று ஆக்கின. பொதுப் பணத்தில் சேகரித்த தரவு பொதுவுக்கே கிடைக்க வேண்டும் என்ற கொள்கையையும் ஏற்றன. 2022 டிசம்பரில் வந்த தேசியக் கொள்கை, 2030-க்குள் சமவெளி முழுவதற்கும் 25 சென்டிமீட்டர் துல்லியத்தில் உயரப்படம் என்று லட்சியம் வைத்திருக்கிறது. அது நிறைவேறினால் என்ன ஆகும் என்பதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. கடல்மட்டத்துக்குக் கீழேயும் வாழும் டச்சுக்காரர்கள் தங்கள் நாடு முழுவதையும் விமான லேசரால் திரும்பத் திரும்ப அளந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் இலாகா வெள்ளத் தடுப்புக்காக அளந்ததை 2015-இல் இலவசமாக்கியதும், புதைந்து மறைந்திருந்த ரோமானிய ரஸ்தாக்களை அதில் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். யாருக்கு எது பயன்படும் என்பதை அளந்தவர்களால் ஊகித்திருக்க முடியாது.

ஆயினும் அந்த லேசரும் ஒன்றைப் பார்க்காது. ஏரியிலிருந்து சதுப்புக்குப் போகும் கால்வாயின் குறுக்கே ஒரு ரஸ்தா போகிறதென்றால், மேலேயிருந்து பார்க்கும் எந்தக் கருவிக்கும் அந்த ரஸ்தாக் கரை ஓர் அணையாகவே தோன்றும்; அடியில் உள்ள சிறுபாலத்தின் கண் தெரியாது. கணினியில் மழையைக் கொட்டினால் தண்ணீர் கரைக்கு மேற்கே தேங்கி, இல்லாத வெள்ளத்தை உண்டாக்கும். கணக்கிடுபவர்கள் அந்த இடத்தில் கையாலேயே கரையை வெட்டிவிடுவது வழக்கம். எங்கே வெட்டுவது, எவ்வளவு அகலத்துக்கு, எவ்வளவு ஆழத்துக்கு? பாலம் கட்டியவர்களின் தஸ்தாவேஜில் இரண்டு மீட்டர் அகலம் என்று இருக்கும். போய்ப் பார்த்தால் ஒரு கண் மணலேறி மூடிக் கிடக்கும், மற்றொன்றின் குறுக்கே குடிநீர்க் குழாய் போகும். திறந்த வீதிப்படத்தில் சிறுபாலங்களைக் குறிக்க இடம் இருக்கிறது. ஓர் அளவு நாடாவும், அடிமட்டம் எடுக்க ஒரு மட்டப்பலகையும் கையில் உள்ள எவரும், பாலிடெக்னிக் மாணவர்களேகூட, இதைச் செய்து சேர்க்கலாம். புரட்டாசி முடிவதற்குள் செய்வது உத்தமம். அகலத்தையும் அடிமட்டத்தையும் எழுதும்போது, மண் எவ்வளவு மேடிட்டிருக்கிறது என்பதையும், அளந்த தேதியையும் அவசியம் சேர்த்தே எழுத வேண்டும். ஐப்பசியில் முதல் வெள்ளம் வந்து போனபின் மண் அளவு மாறியிருக்கும்.